பூச்சியும் நோயும் இணைந்த இடம்: எலுமிச்சை இனப் பயிர்ப் பாதுகாப்பில் எஸ். பி. காப்பூரின் புனே ஆய்வுகள்

ஆய்வுச் சுருக்கம்

எலுமிச்சை இனப் பயிர்களைத் தாக்கும் பசுமையாதல் நோய் இன்று உலகெங்கும் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவருகிறது. இந்தியாவில் இந்நோயைப் பரப்புவது சில்லிட் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சியே என்பதை 1967 ஆம் ஆண்டில் நிறுவியவர் புனேயில் பணியாற்றிய தாவர நச்சுயிரியல் அறிஞர் எஸ். பி. காப்பூர். பூச்சி 1927 ஆம் ஆண்டிலேயே நன்கு அறியப்பட்டிருந்தது; மரங்களின் அழிவும் அறியப்பட்டிருந்தது. ஆயினும் இரண்டையும் காரண காரியமாக இணைப்பதற்கு 40 ஆண்டுகள் ஆயின. அந்த இணைப்பு எவ்வாறு நிகழ்ந்தது, அதன்பின் பயிர்ப் பாதுகாப்பு எவ்வாறு மாறியது, தமிழகத்திற்கு அதன் பொருத்தம் யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எலுமிச்சை இனப் பயிர்கள், பசுமையாதல் நோய், சில்லிட், எஸ். பி. காப்பூர், நோய்க்கடத்தி, உயிரியல் கட்டுப்பாடு.

முன்னுரை

எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, கிடாரங்காய், பம்பளிமாசு ஆகியன ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் பல தெற்காசியாவிலும் அதனையடுத்த நிலப்பகுதிகளிலும் தோன்றியவை என்பது தாவரவியலார் துணிபு. பயிர் தோன்றிய நிலத்திலேயே அதன் பூச்சியும் நெடுங்காலம் வாழ்ந்துவந்துள்ளது. எனவே இந்நோயைப் பற்றிய அறிவியலின் தொடக்க ஏடுகளில் இந்திய ஊர்ப் பெயர்கள் மிகுதியாக இடம்பெறுவதில் வியப்பில்லை. வியப்புக்குரியது, அந்த ஏடுகளை எழுதியோரின் பெயர்கள் இந்திய வேளாண் கல்வியில் அருகியே வழங்குவதுதான். நோயின் சீனப் பெயரை அறிந்த மாணவர்கூட அதன் கடத்தியை இந்தியாவில் மெய்ப்பித்தவர் யாரென்று அறியார். காப்பூரின் பணியை நினைவுகூர்வதற்கு இதுவே போதிய காரணமாகும்.

நோயின் இயல்பு

நோயுற்ற மரத்தில் முதலில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகும். இதனைக் கண்டே தென்சீன உழவர் இந்நோய்க்கு ‘மஞ்சள் தளிர் நோய்’ எனப் பொருள்படும் ஹுவாங்லோங்பிங் என்னும் பெயரை இட்டனர். 1995 ஆம் ஆண்டில் சீனத்தின் ஃபூஜோ நகரில் கூடிய பன்னாட்டு எலுமிச்சை இன நச்சுயிரியலாளர் அமைப்பு இப்பெயரையே பொதுப்பெயராக ஏற்றது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ‘கிரீனிங்’, அதாவது பசுமையாதல், என்ற பெயர் நிலைத்தது. நோயுற்ற மரத்தின் கனி முழுமையாகப் பழுக்காமல் ஒரு பகுதி பச்சையாகவே நின்றுவிடுவது இப்பெயருக்குக் காரணம்.

இலையின் நடு நரம்புக்கு இருபுறமும் மஞ்சள் திட்டுகள் ஒத்த வடிவில் அமையாமை இந்நோயின் சிறப்படையாளம். துத்தநாகக் குறையினால் வரும் மஞ்சள் இருபுறமும் ஒத்திருக்கும். இந்நோயினால் வருவது ஒத்திராது. ஆனால் நோய் முற்றிய கிளைகளில் துத்தநாகக் குறையைப் போன்ற தோற்றமே மேலோங்கிவிடுவதால், தோட்டத்தில் நின்று பார்ப்பவர் எளிதில் ஏமாறுவர். கனிகள் சிறுத்துக் கோணலாகும், விதைகள் கருகும், சாறு கசக்கும். பின்னர் கிளைகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயத் தொடங்கும். நோய்க் காரணி மரத்தின் உணவு கடத்தும் சல்லடைக் குழாய்களில் மட்டுமே வாழ்கிறது. குழாய்கள் அடைபடுவதால் இலையில் உண்டாகும் மாவுப்பொருள் இலையிலேயே தேங்க, வேர்கள் பட்டினியால் மடிகின்றன.

லயால்பூரில் கிடைத்த சான்று

சில்லிட் பூச்சிக்கு டயாபோரினா சிட்ரி என்னும் அறிவியல் பெயர் 1908 ஆம் ஆண்டில், தைவானில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு, ஜப்பானியப் பூச்சியியலாளர் குவாயாமாவால் இடப்பட்டது. அதன் வாழ்க்கையை முதன்முதலாக முழுமையாக ஆராய்ந்தவர்கள் பஞ்சாப் வேளாண்மைக் கல்லூரி அமைந்திருந்த லயால்பூரில் பணியாற்றிய முகமது அப்சல் ஹுசைனும் திவான் நாத்தும் ஆவர். இன்று பாகிஸ்தானில் பைசலாபாத் என வழங்கும் ஊர் இதுவே. அவர்களது ஆய்வேடு இந்திய வேளாண் துறையின் பூச்சியியல் வரிசையில் 1927 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்சல் ஹுசைன் பின்னாளில் வெட்டுக்கிளி ஆய்வுகளால் புகழ்பெற்றுப் பஞ்சாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

பெண்பூச்சி இளந்துளிரில் மட்டுமே முட்டையிடும். ஒரு பூச்சி 800 முட்டைகள் வரை இடக்கூடும். இளம்பூச்சி ஐந்து நிலைகளைக் கடந்து சிறகு பெறும். ஆண்டில் பல தலைமுறைகள் தோன்றும் என்னும் செய்திகள் அனைத்தும் அவ்வேட்டிலிருந்தே இன்றுவரை எடுத்தாளப்படுகின்றன. அதைவிட இன்றியமையாத செய்தி ஒன்றும் அதில் உண்டு. பூச்சி பெருகிய தோட்டங்களில் மரங்கள் பரந்த அளவில் மடிந்ததையும், கனிகள் சுவையற்றுப் போனதையும் அவ்விருவரும் பதிவு செய்துள்ளனர். இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சி மரத்தை வாட்டும். ஆனால் தோட்டம் தோட்டமாக மரத்தைக் கொல்வதும் கனியின் சுவையைக் கெடுப்பதும் உறிஞ்சலால் மட்டும் நிகழக்கூடியவை அல்ல. அவ்வேட்டை இன்று படிக்கும் நோயியலாளர் பலரும் அங்கு விவரிக்கப்பட்டது பசுமையாதல் நோயாகவே இருந்திருக்க வேண்டும் எனக் கருதுகின்றனர். சான்று கையிலிருந்தது, அதனை நோய் என்று படிப்பதற்குரிய கருத்து அப்போது உருவாகவில்லை.

காரணங்களின் நெரிசல்

இடைப்பட்ட காலத்தில் மரங்களின் நலிவை ‘நுனிக்கருகல்’ என்னும் ஒரே சொல்லால் இந்திய வேளாண் துறை சுட்டிவந்தது. இத்தகைய நலிவு 18 ஆம் நூற்றாண்டிலேயே மத்திய இந்தியாவில் காணப்பட்டதைக் காப்பூரே 1963 ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். மண்ணியலார் அதனை நுண்ணூட்டக் குறை என்றனர். பூஞ்சையியலார் கிளைகளில் வளர்ந்த பூஞ்சையைக் காட்டினர். தோட்டக்கலையார் வடிகால் இன்மையையும் பொருந்தா வேர்ச்செடியையும் காரணமாக்கினர். ஒவ்வொருவரும் தத்தம் துறைக் கண்ணாடி வழியே கண்டது பொய்யன்று. நலிந்த மரத்தில் அவை அனைத்தும் இருக்கவே செய்தன. ஆனால் அவை பெரும்பாலும் நோயின் விளைவுகள், காரணமல்ல. இதன் இழப்பு ஏட்டளவில் நில்லாது, சாகும் மரத்திற்கு ஆண்டுதோறும் துத்தநாகக் கரைசல் தெளித்துப் பொருளிழந்த உழவரையே சென்றடைந்தது.

நச்சுயிரியல் வளர்ந்தபோது மற்றொரு விளக்கம் முன்வந்தது. டிரிஸ்டீசா என்னும் நச்சுயிரி தென்னமெரிக்காவில் பல இலட்சம் மரங்களை அழித்திருந்தது. அதனைப் பரப்புவது பழுப்பு அசுவினி என்பதைப் பிரேசிலின் மெனெகினி 1946 ஆம் ஆண்டில் காட்டியிருந்தார். இந்தியாவில் அதன் இருப்பை ஆராய்ந்தவர்களுள் காப்பூர் முதன்மையானவர், ஆர். எஸ். வாசுதேவாவுடன் இணைந்து பம்பாய் மாநிலத்து மரநலிவைப் பற்றி 1958 ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால் டிரிஸ்டீசாவால் விரைந்து மடிபவை, புளிப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாகக் கொண்டு ஒட்டுக்கட்டிய மரங்கள். இந்தியாவில் பெருவழக்காக இருந்த ஜம்பேரி வேர்ச்செடி அந்நச்சுயிரியைப் பெரிதும் தாங்கும். அவ்வாறாயின் ஜம்பேரியின் மேல் நின்ற மரங்கள் ஏன் மடிந்தன என்னும் வினா விடையின்றி நின்றது.

1960களின் இடைப்பகுதியில் இந்தியாவிற்கு வந்து தோட்டங்களை ஆராய்ந்த ஆஸ்திரேலிய நோயியலாளர் லிலியன் ஃபிரேசர், இந்திய நுனிக்கருகலில் பசுமையாதல் நோய்க்குப் பெரும்பங்கு உண்டு என அறிவித்தார். சீனத்தின் லின் குங்சியாங் தம் நாட்டு நோய் ஒட்டுக்குச்சி வழியே பரவும் தொற்று என்பதை 1956 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். தென்னாப்பிரிக்காவின் மக்லீனும் ஓபர்ஹோல்சரும் 1965 ஆம் ஆண்டில் தம் நாட்டுச் சில்லிட் இனமாகிய டிரையோசா எரிட்ரியே நோயைக் கடத்துவதை மெய்ப்பித்தனர். இந்தியாவில் அந்தப் பூச்சி இல்லை. ஒட்டுக்கட்டாத மரத்திலும் தோட்டத்திலேயே நோய் பரவுவது எதனால் என்பதுதான் இங்கு எஞ்சிய வினா.

புனேயின் விடை

இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் புனே நச்சுயிரி ஆய்வு நிலையத்தில் காப்பூர், டி. ஜி. ராவ், எஸ். எம். விஸ்வநாத் ஆகிய மூவரும் நிகழ்த்திய சோதனைகளின் முடிவு 1967 ஆம் ஆண்டில் இந்திய வேளாண் அறிவியல் இதழில் வெளிவந்தது. டயாபோரினா சிட்ரி இந்தியாவில் பசுமையாதல் நோயின் கடத்தி என்பதே அம்முடிவு. அக்கால அளவிலேயே பிலிப்பைன்சிலும் இதே முடிவு தனித்து எட்டப்பட்டது. முந்தியவர் யார் என்ற வழக்கு இங்குப் பயனற்றது. இரு நாடுகளிலும் தனித்தனியே ஒரே விடை கிடைத்தமையே அதற்கு வலுச்சேர்த்தது.

கடத்திச் சோதனையின் தருக்கத்தைச் சற்று விரித்துக் காண்பது தகும். உறிஞ்சும் பூச்சி தன் உமிழ்நீரின் நச்சால் மரத்தை வாட்டுகிறதா, அல்லது பிறிதொரு நோய்க் காரணியைச் சுமந்து வருகிறதா? நோய் எங்கும் பரவியுள்ள தோட்டத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. வலைக்கூண்டில், நோயற்ற செடியில் வளர்ந்த பூச்சிகளை இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவை நோயுற்ற செடியில் ஊண் கொள்ளச் செய்து நலமான நாற்றுக்கு மாற்ற வேண்டும். மறுபிரிவை நேரே நலமான நாற்றில் விட வேண்டும். இரண்டாம் பிரிவின் நாற்றுகள் பூச்சியை அகற்றியதும் தேறி, முதற்பிரிவின் நாற்றுகள் பூச்சி போனபின்னும் மாதக்கணக்கில் நோய்க்குறி காட்டுமாயின், குற்றம் உமிழ்நீரில் இல்லை. எளிய அமைப்பே எனினும் இதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும். எலுமிச்சை இன நாற்றில் நோய்க்குறி வெளிப்படப் பல மாதங்கள் ஆகும். அதுவரை ஒரு பூச்சியும் கூண்டினுள் தவறி நுழைதல் ஆகாது.

1974 ஆம் ஆண்டில் பன்னாட்டு நச்சுயிரியலாளர் மாநாட்டுத் தொகுப்பில் இம்மூவரும் வெளியிட்ட விரிவான கட்டுரை, தக்காணத்தின் கரிசல் நிலப்பகுதியில் நோய்க்கும் கடத்திக்கும் உள்ள உறவை விளக்கியது. பூச்சி மிகக் குறுகிய நேர உணவிலேயே நோய்க் காரணியைப் பெறக்கூடும். பெற்றபின் 8 முதல் 12 நாள்கள் கழித்தே பிற செடிக்குக் கடத்தும். நான்காம், ஐந்தாம் நிலை இளம்பூச்சிகளும் காரணியைப் பெற்று, சிறகு முளைத்தபின் பரப்பும் என்பன அதன் முடிவுகள். இவற்றுள் மூன்றாவது முடிவே நடைமுறையில் பெரிது. நோயுற்ற மரத்தின் துளிரில் வளரும் இளம்பூச்சி பறக்கத் தொடங்கும் நாளிலேயே நோய்க்கடத்தியாகப் புறப்படுகிறது. எனவே காப்பு நடவடிக்கையின் இலக்கு காயோ முதிர்ந்த இலையோ அன்று, துளிரே. மழைக்குப்பின் மரம் துளிர்விடும் சில கிழமைகளில் பூச்சியைத் தடுப்பது, ஆண்டு முழுவதும் மருந்து தெளிப்பதைவிடப் பயன் மிக்கது என்னும் பரிந்துரை இத்தகைய அறிவின் மேல் எழுந்ததாகும்.

காரணியின் அடையாளம்

அந்நாளில் காப்பூர் உட்பட அனைவரும் நோய்க் காரணியை நச்சுயிரி என்றே கருதினர். 1970 ஆம் ஆண்டில் பிரான்சின் லாஃப்லேஷும் ஜோசப் போவேயும் மின்னணு நுண்நோக்கியின்கீழ் சல்லடைக் குழாய்களில் நச்சுயிரியைவிடப் பெரிய உயிர்களைக் கண்டனர். அவை நுண்ணுயிரி வகையாயின் எதிருயிரி மருந்துக்குப் பணிய வேண்டும். புனே அருகில் பிம்பிரியிலிருந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தின் எம். ஜே. திருமலாச்சாரும் காப்பூரும் இணைந்து நோயுற்ற செடிகளை மருந்தால் தேற்றிய ஆய்வை 1973 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாம் கொண்டிருந்த கருத்தைச் சான்று மாற்றியபோது தயங்காது புதிய வழியில் ஆய்வைத் திருப்பிய பாங்கு இதில் தெரிகிறது. எனினும் இவ்வழி உழவருக்கு நிலையான தீர்வாகவில்லை. டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் நோய்க்குறியைத் தணித்தனவேயன்றி, மருந்து நின்றதும் நோய் மீண்டது.

காரணி பாக்டீரியாவே என்பது பின்னர் உறுதியாயிற்று. 1994 ஆம் ஆண்டில் ஜாகுவே, போவே, கார்னியே ஆகியோர் மரபணு வரிசையைக் கொண்டு அதன் இனவுறவை நிறுவியபோது, ஆசிய வகைக்குச் சான்றாக அவர்கள் ஆராய்ந்தது ‘பூனா’ வகையையே. ஆப்பிரிக்க வகைக்குத் தென்னாப்பிரிக்காவின் நெல்ஸ்புரூட் சான்றாயிற்று. இன்று லிபெரிபாக்டர் ஏசியாட்டிகஸ் எனப்படும் நுண்ணுயிரியின் அறிவியல் விளக்கத்தில் புனேயின் பெயர் அவ்வாறு பதிந்துள்ளது. அதனை இன்னும் ஆய்வுக்கூட ஊடகத்தில் தனித்து நிலையாக வளர்க்க இயலாமையால் அதன் பெயருக்கு முன் ‘கேண்டிடேட்டஸ்’ என்னும் அடைமொழி வழங்குகிறது.

லயால்பூர்க் குளவியின் பயணம்

கடத்தி இன்னதென்று தெரிந்தபின் கடத்தியின் பகைவனைத் தேடுவது இயல்பு. அப்பகைவனும் லயால்பூரிலிருந்தே அறியப்பட்டிருந்தது. டமாரிக்சியா ரேடியேட்டா எனப்படும் நுண்குளவியை 1922 ஆம் ஆண்டில் வாட்டர்ஸ்டன், பஞ்சாபில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு விவரித்தார். பெண்குளவி சில்லிட்டின் முதிர்ந்த இளம்பூச்சியின் அடிப்புறத்தில் முட்டையிடும். வெளிவரும் புழு அதனை உண்டு, உலர்ந்த தோலுக்குள் கூட்டுப்புழுவாகிப் பின்னர் துளையிட்டு வெளியேறும். தான் நேரே உண்பதையும் சேர்த்து ஒரு குளவி ஏறத்தாழ 500 இளம்பூச்சிகளை அழிக்கக்கூடும்.

இந்தியாவிலிருந்து இக்குளவி 1978 ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவில் விடப்பட்டு, அங்குச் சில்லிட்டைக் கட்டுப்படுத்துவதில் பெருவெற்றி கண்டது. அமெரிக்காவின் புளோரிடாவில் வெற்றி அவ்வளவாக இல்லை. அங்குச் சில்லிட் 1998 ஆம் ஆண்டிலும் நோய் 2005 ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டன. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிகளைக் கடந்திருந்த ஆரஞ்சு விளைச்சல், சூறாவளியும் சேர்ந்து தாக்கிய 2022-23 பருவத்தில் 1.6 கோடிப் பெட்டிகள் அளவுக்குச் சரிந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹாடில் பைசலாபாத்துக்கே சென்று குளவிகளைச் சேகரித்துவந்து, 2011 ஆம் ஆண்டு இறுதியில் கலிபோர்னியாவில் விடுவித்தார். அப்சல் ஹுசைன் பணியாற்றிய ஊருக்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் அறிவியல் மீண்டும் திரும்பியது எனலாம்.

குளவி தனித்து நோயை நிறுத்தாது என்பதையும் கூற வேண்டும். இளந்துளிர் தொற்றுப்பெற்ற 15 நாள்களுக்குள்ளேயே பிற பூச்சிகளுக்கு நோயை அளிக்கவல்லது என்பதை 2015 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. மரமோ மாதங்கள் கழித்தே நோய்க்குறி காட்டும். ஆகவே பூச்சி புகாத வலைக்குடிலில் வளர்த்த நோயற்ற கன்று, நோயுற்ற மரத்தை அகற்றல், துளிர்க்காலக் காப்பு ஆகிய மூன்றும் உடன் வேண்டும். நாகபுரியிலுள்ள மத்திய எலுமிச்சை இன ஆராய்ச்சி நிறுவனம் தளிர்நுனி ஒட்டு முறையில் நோயற்ற தாய்மரங்களை உருவாக்கிக் கன்றுகளை வழங்கிவருகிறது.

தமிழகச் சூழல்

தமிழகத்தில் பூச்சிவழி நோயின் வலியை நன்கறிந்த நிலம் கீழ்ப்பழநி மலை. காப்பியின் ஊடே கமலா ஆரஞ்சு செழித்த தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் அம்மரங்கள் நலிந்தன; பசுமையாதல் நோய் அந்நலிவின் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதே மலையில் விருப்பாட்சி வாழை, அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோயால் அழிவின் விளிம்பை எட்டியது. இரு பயிர்களிலும் நோய், பூச்சியால் மட்டுமன்றி மனிதர் கைமாற்றிய கன்றாலும் பரவியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை நிலையம் இப்பகுதிப் பயிர்களுக்கென இயங்குகிறது.

சமவெளியின் எலுமிச்சைக்கு நிலைமை வேறு. புளியங்குடி போன்ற இடங்களில் எலுமிச்சை பெரிதும் விதைக்கன்றாகவே நடப்படுகிறது. டிரிஸ்டீசாவும் பசுமையாதலும் விதை வழியே பரவுவதாக நிறுவப்படவில்லை. எனவே விதைக்கன்று நோயின்றிப் பிறக்கிறது. திறந்த நாற்றங்காலில் அசுவினியும் சில்லிட்டும் தீண்டுவதால் நோய் கொள்கிறது. சாத்துக்குடியும் கமலாவும் ஒட்டுக்கட்டப்படுவதால், அவற்றுக்கு ஒட்டுக்குச்சியும் ஒரு வாயிலாகிறது. இவ்வேறுபாட்டை அறிந்த நாற்றுப்பண்ணையாளர் எலுமிச்சைக்கு வலையையும், சாத்துக்குடிக்கு வலையோடு சான்றுபெற்ற தாய்மரத்தையும் நாடுவர்.

தோட்டமே இல்லாத ஊர்களும் இச்சங்கிலியில் உள்ளன என்பது பலரும் கருதாத செய்தி. கறிவேப்பிலை எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சில்லிட் அதன் துளிரில் முட்டையிட்டுப் பெருகும். ஆனால் கறிவேப்பிலை இந்நோய்க்கு இருப்பிடமாவதில்லை. 2009 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில், இந்தியாவிலிருந்து வந்த பொதி ஒன்றின் கறிவேப்பிலையில் சில்லிட் பூச்சிகள் மோப்ப நாயின் உதவியால் பிடிபட்டன. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவூரில், தறியிருக்கும் வீட்டின் புழக்கடையில் ஒரு கறிவேப்பிலையும் ஓர் எலுமிச்சையும் அருகருகே நிற்குமாயின், முன்னதில் பெருகும் பூச்சி தீங்கற்றதாகத் தோன்றும். அது பின்னதற்குத் தாவும்போது, அந்த எலுமிச்சை எங்கிருந்து வாங்கிய கன்று என்பதே அடுத்த வேலிக்கு அப்பாலுள்ள மரங்களின் நிலையை முடிவு செய்கிறது.